அந்தக் கணினியில் ஓடுகிறது, இந்தக் கணினியில் ஓடவில்லை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கோலாலம்பூரில் சிறு வியாபாரங்களுக்கு நிரல் எழுதிக் கொடுப்பவருக்கு எல்லா இடத்திலும் ஒரே மாதிரிக் கணினி வாய்ப்பதில்லை. மஸ்ஜித் இந்தியா பக்கத்து ஜவுளிக்கடை என்றால் கல்லாவில் விண்டோஸ் 7 இருக்கும். மாடியில் கணக்கெழுதுபவரிடம் விண்டோஸ் 11, முதலாளி மகன் கையில் மேக்புக், வாடகைக்கு எடுத்த சர்வரில் உபுண்டு. நான்கிலும் ஒரே நிரல் ஓட வேண்டும் என்பார்கள். "தம்பி, கணினியைத்தான் மாற்றினேன், வேறு எதையும் தொடவில்லை" என்று போன் வரும். அதன் பின்னால் இருக்கும் கோளாறு பெரும்பாலும் கீழே உள்ளவற்றில் ஒன்றுதான்.

எதையும் தொடுவதற்கு முன் இரண்டு விவரம் வேண்டும். முதலாவது, பிழைப்பெட்டியின் படம். "ஏதோ எரர் வருது" என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டாவது, ஓடும் கணினி, ஓடாத கணினி இரண்டின் இயங்குதளப் பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா, இன்டெல்லா ஆர்மா. விண்டோஸில் "வின்வெர்" என்று தட்டினால் பதிப்பு தெரியும். மேக்கில் ஆப்பிள் மெனுவின் முதல் வரி. லினக்ஸில் ஈடிசி அடைவில் இருக்கும் "ஓஎஸ்-ரிலீஸ்" கோப்பு. விண்டோஸை அழித்து மறுபடி நிறுவும் யோசனையை யார் சொன்னாலும் தள்ளி வையுங்கள். இந்த வகைக் கோளாறு அதில் தீராது.

## அறிகுறி 1: விண்டோஸில் இரட்டைக் கிளிக் செய்ததும் பிழைப்பெட்டி

ஏதோ ஒரு டிஎல்எல் (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணைக் கோப்பு) காணவில்லை என்றால், பெயரைப் பாருங்கள். "விசிரன்டைம்140" என்று தொடங்கினால் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரன்டைம் அங்கே இல்லை. அதை நிறுவினால் போதும். "ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி" என்று தொடங்கினால் யுனிவர்சல் சிஆர்டி (சி மொழி நிரல்களுக்கான அடிப்படை லைப்ரரி) இல்லை. விண்டோஸ் 10 முதல் அது இயங்குதளத்தோடே வருகிறது. விண்டோஸ் 7, 8.1 இரண்டுக்கும் கேபி2999226 என்ற அப்டேட் போட வேண்டும். ஒவ்வொரு கடையிலும் இதைச் செய்து அலுத்துப்போனவர்கள் ரன்டைமை நிரலுக்குள்ளேயே ஸ்டாட்டிக் லிங்க் செய்துவிடலாம். கோப்பு கொஞ்சம் பெருக்கும், போன் வருவது குறையும்.

"புரொசீஜர் என்ட்ரி பாயின்ட்" கிடைக்கவில்லை, அதுவும் விண்டோஸின் சொந்த டிஎல்எல்லான கெர்னல்32இல் என்றால் டிஎல்எல்லை எங்கிருந்தோ இறக்கிப் போட்டுப் பயனில்லை. நிரல் கேட்கும் ஃபங்ஷன் அந்த விண்டோஸில் பிறக்கவே இல்லை. நேரத்தை மிக நுணுக்கமாகக் கேட்கும் ஃபங்ஷன் ஒன்று விண்டோஸ் 8இல்தான் வந்தது. நீங்கள் நேரடியாக அழைக்காவிட்டாலும், நீங்கள் சேர்த்த லைப்ரரி அழைக்கலாம்.

முதலில் மொழியின் பதிப்பைப் பாருங்கள். பைதான் 3.8தான் விண்டோஸ் 7இல் ஓடும் கடைசிப் பதிப்பு. கோ மொழிக்கு அது 1.20. ரஸ்ட் 1.78 முதல் விண்டோஸ் 10 வேண்டும். கோடை ஓடும் நிரலாகக் கட்டும் கம்பைலரை மேம்படுத்திய வாரத்தில் இந்தப் பிழை வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், பழைய கம்பைலரில் கட்டிப் பாருங்கள். காரணம் உங்கள் கோடே என்றால், அந்த ஃபங்ஷனை நேரடியாக இணைக்காமல், ஓடும்போது "கெட்பிராக்அட்ரஸ்" மூலம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பழைய வழியில் போகட்டும்.

இந்த விண்டோஸுக்குப் பொருந்தாது என்று சொன்னால் 64 பிட் நிரலை 32 பிட் விண்டோஸில் திறக்கிறீர்கள். 32 பிட்டாக ஒன்று கட்டிக் கொடுங்கள், இரண்டிலும் ஓடும்.

இதற்கெல்லாம் மேல் ஒன்று உண்டு. விண்டோஸ் 7க்கான பொது ஆதரவு 2020 ஜனவரியிலும் விண்டோஸ் 10க்கானது 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டன. பழைய கம்பைலரைக் கட்டிக்கொண்டு எத்தனை வருடம் ஓட்டுவது என்று முதலாளியிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். லோ யாட் பிளாசாவில் ஒரு பழைய அலுவலகக் கணினி வாங்குவது, உங்கள் ஒரு வாரச் சம்பளத்தைவிட மலிவாக முடியலாம்.

## அறிகுறி 2: லினக்ஸில் "ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை"

ஜிலிப்சி என்பது பெரும்பாலான லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி லைப்ரரி. புதிய உபுண்டுவில் கட்டி, பழைய சர்வரில் ஓட்டினால் வருவது இந்தப் பிழை. உபுண்டு 20.04இல் இருப்பது ஜிலிப்சி 2.31, 22.04இல் 2.35, 24.04இல் 2.39. சென்ட்ஓஎஸ் 7 இன்னும் ஓடும் இடமென்றால் 2.17. பழையதில் கட்டியது புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்று நம்ப முடியாது. இரண்டு கணினியிலும் "எல்டிடி" கட்டளையைப் பதிப்புத் தேர்வோடு ஓட்டிப் பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும்.

சர்வரில் ஜிலிப்சியை மட்டும் கையால் மாற்றலாமே என்று தோன்றும். வேண்டாம். "எல்எஸ்" கட்டளைகூட ஓடாத சர்வர் கையில் மிஞ்சும். டாக்கரில் (கணினிக்குள் தனி லினக்ஸ் சூழலை ஓட்டும் கருவி) பழைய உபுண்டு ஒன்றை எடுத்து அதற்குள் கட்டுங்கள். கோ மொழியென்றால் சி லைப்ரரிகளோடு இணைக்கும் சிகோவை அணைத்துக் கட்டினால் பெரும்பாலும் ஜிலிப்சியே தேவைப்படாது.

இதற்கு ஒரு குழப்பமான தம்பி உண்டு. கோப்பு கண் முன்னே இருக்கும், அனுமதியும் சரியாக இருக்கும், ஓட்டினால் "அப்படியொரு கோப்பு இல்லை" என்று வரும். ஆல்பைன் லினக்ஸில் இது சகஜம். இல்லை என்று அது சொல்வது உங்கள் நிரலை அல்ல, நிரலை ஏற்றும் லோடரை. ஆல்பைனில் ஜிலிப்சிக்குப் பதில் மசல் என்ற வேறொரு சி லைப்ரரி இருக்கிறது. மசலுக்காகத் தனியாகக் கட்டுங்கள், அல்லது டெபியன் அடிப்படைக்கு மாறுங்கள்.

## அறிகுறி 3: ஷெல் ஸ்கிரிப்ட் முதல் வரியிலேயே விழுகிறது

"பேட் இன்டர்பிரிட்டர்" என்று சொல்லி, பாஷ் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு கூரைக்குறியும் எம் எழுத்தும் ஒட்டியிருந்தால், ஸ்கிரிப்ட்டை யாரோ விண்டோஸ் பாணி வரி முடிவோடு சேமித்திருக்கிறார்கள். "டாஸ்2யூனிக்ஸ்" ஓட்டினால் தீரும். மறுபடி வராமல் இருக்க, கிட் களஞ்சியத்தின் "கிட்அட்ரிப்யூட்ஸ்" கோப்பில் ஸ்கிரிப்ட்களுக்கு வரி முடிவு எல்எஃப் (லினக்ஸ் வடிவம்) என்று நிர்ணயித்துவிடுங்கள்.

இரட்டைச் சதுர அடைப்பு புரியவில்லை என்று முறையிட்டால், மேல் வரியில் "எஸ்எச்" என்று போட்டுவிட்டு உள்ளே பாஷ் எழுதியிருக்கிறீர்கள். உபுண்டுவில் 2006 முதல் எஸ்எச் என்பது டாஷ் என்ற வேறொரு எளிய ஷெல். மேல் வரியைப் பாஷ் என்று மாற்றுங்கள். மேக்கில் அதுவும் போதாமல் போகலாம், ஏனென்றால் ஆப்பிள் தரும் பாஷ் இன்னும் 3.2தான், பெயர்ச்சாவி வைத்த அர்ரே அதில் இல்லை.

மேக்கில் மட்டும் "செட்" கட்டளை கோபித்துக்கொண்டால், கோப்பை அங்கேயே திருத்தும் "ஐ" தேர்வுக்குப் பின்னால் இடைவெளி விடாமல் ஒரு காப்புப் பின்னொட்டைச் சேர்த்து எழுதுங்கள். அந்த வடிவம் லினக்ஸில் இருக்கும் குனு செட், மேக்கில் இருக்கும் பிஎஸ்டி செட் இரண்டுக்கும் பிடிக்கும். "டேட்" கட்டளையில் நேற்றைய தேதி கேட்பதற்கு அப்படிப் பொது வடிவம் இல்லை. தேதிக் கணக்கு வந்துவிட்டால் ஷெல்லை விட்டுப் பைதானுக்குப் போய்விடுவது என் பழக்கம்.

## அறிகுறி 4: கோப்பு இருக்கிறது, நிரல் இல்லை என்கிறது

மலிவான காரணத்திலிருந்து தொடங்கலாம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து. விண்டோஸும், வழக்கமாக அமைத்த மேக்கும் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும், லினக்ஸ் பார்க்காது. உங்கள் மடிக்கணினியில் ஓடி, சர்வரில் இம்போர்ட் விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். இதற்கு ஒரே மருந்து, எல்லாக் கோப்புப் பெயரும் சிறிய எழுத்தில்.

பெயரில் தடைசெய்த குறி. லினக்ஸில் நேரத்தை முக்காற்புள்ளியோடு கோப்புப் பெயரில் வைத்தால் விண்டோஸில் அது திறக்காது. "கான்", "ஆக்ஸ்", "நல்" என்ற பெயர்களும் விண்டோஸில் கூடாது. பாதை 260 எழுத்தைத் தாண்டினாலும் சிக்கல் வரும்.

இவை எதுவும் இல்லை, கண்ணால் பார்த்தால் இரண்டு பெயரும் அச்சு அசலாக ஒன்று, ஆனாலும் கிடைக்கவில்லையா? கோப்பின் பெயர் தமிழிலா என்று கேளுங்கள். கேட்கத் தோன்றாது, அதனால்தான் பாதி நாள் போகும்.

கிளை வாரியாக விற்பனைக் கோப்பு வைத்திருக்கும் கடையை எடுத்துக்கொள்வோம். "கோலாலம்பூர்" என்று ஒன்று, "கொம்தார்" என்று ஒன்று, "ஈப்போ" என்று ஒன்று. பழைய மேக்கிலிருந்து நகலெடுத்து வந்த பிறகு மூன்றுமே லினக்ஸில் கிடைக்காமல் போகின்றன. அருகிலேயே இருக்கும் "கிள்ளான்" மட்டும் கிடைக்கிறது. காரணம், கொ, கோ, கௌ வகை எழுத்துகளின் உயிர்க்குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். 2017இல் ஹை சியராவோடு வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடியே சேமித்து, தேடும்போது இரண்டையும் ஒன்றாகக் கருதும். லினக்ஸுக்கு அவை வெறும் பைட்டுகள். பைட் வேறென்றால் பெயரும் வேறு.

சோதனை எளிது. பைதானில் இரண்டு பெயரின் நீளத்தையும் அச்சிடுங்கள். "கோலாலம்பூர்" ஒன்றில் 11, இன்னொன்றில் 12 என்று வந்தால் பிடித்துவிட்டீர்கள். பெயரை ஒப்பிடும் இடத்திலும் சேமிக்கும் இடத்திலும் "யூனிகோடுடேட்டா" மாட்யூலின் நார்மலைஸ் ஃபங்ஷனை என்எஃப்சி (குறியை ஒன்றாகச் சேர்த்து எழுதும்) வடிவத்துக்குப் போடுங்கள். ஏற்கெனவே கிடக்கும் கோப்புகளை ஒருமுறை பெயர் மாற்றிவிடுங்கள். வாடிக்கையாளர் பெயர்களை டேட்டாபேஸில் தேடும்போதும் இதே தொல்லை வரும், அங்கேயும் இதே மருந்துதான்.

## அறிகுறி 5: தமிழ் எழுத்து கட்டமாக, கேள்விக்குறியாக, குப்பையாக வருகிறது

மூன்றும் வேறு வேறு நோய். எது என்று முதலில் பிரியுங்கள்.

வெறும் கட்டம் என்றால் எழுத்துரு இல்லை, தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோடில் "லதா" என்று எழுத்துருப் பெயரை ஊன்றி வைத்திருக்கிறீர்களா? பழைய விண்டோஸ்களோடு வந்த லதா, விண்டோஸ் 10இல் கேட்டால் மட்டும் நிறுவப்படும் கூடுதல் எழுத்துருவாகிவிட்டது. விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ இருக்கிறது. லினக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவிக்கொள்ளலாம். மேக்கில் நம் நாட்டு முத்து நெடுமாறன் வடிவமைத்த தமிழ் சங்கம் எம்என் தயாராக இருக்கும். ஒரே பெயரை நம்பாமல் மூன்றையும் வரிசையாகக் கொடுங்கள். விண்டோஸின் பழைய கறுப்புத் திரையில் தமிழைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். அங்கே தமிழ் எப்போதுமே உடைந்துதான் வரும். கோப்பில் எழுதித் திறந்து பாருங்கள்.

மேலே கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துக் குப்பை என்றால் யூடிஎஃப்-8 கோப்பை வேறு குறிமுறையில் படித்திருக்கிறீர்கள். பைதானில் குறிமுறை சொல்லாமல் கோப்பைத் திறந்தால், லினக்ஸிலும் மேக்கிலும் பெரும்பாலும் யூடிஎஃப்-8 எடுத்துக்கொள்ளும். ஆங்கில அமைப்பில் உள்ள விண்டோஸில் சிபி1252 எடுத்துக்கொள்ளும். எழுதும்போதும், புள்ளி வைத்த எழுத்து உள்ள கோப்பைப் படிக்கும்போதும் குப்பைகூட வராது, "சார்மேப்" என்று தொடங்கும் பிழையோடு நிரல் நின்றுவிடும். கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் குறிமுறையை வெளிப்படையாக எழுதுங்கள். பைதான் 3.10 முதல், எங்கெங்கே எழுத விட்டிருக்கிறீர்கள் என்று எச்சரிக்கும் வசதியும் உண்டு.

விண்டோஸ் அமைப்பில் உலக மொழிகளுக்கு யூடிஎஃப்-8 என்று ஒரு பீட்டா தேர்வு இருக்கிறது. அதை இயக்கினால் உங்கள் நிரல் சரியாகிவிடும், அதே கணினியில் இருக்கும் பழைய சம்பளக் கணக்கு மென்பொருள் கெட்டுப்போகலாம். அடுத்தவர் கணினியில் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

எக்செலில் சிஎஸ்வி திறந்தால் மட்டும் குப்பை என்றால், கோப்பின் தலையில் பிஓஎம் (குறிமுறையைக் காட்டும் அடையாளம்) வைத்து எழுதுங்கள். பைதானில் அதற்கு "யூடிஎஃப்-8-சிக்" என்று பெயர். அப்புறம் அதே கோப்பை லினக்ஸில் சாதாரண யூடிஎஃப்-8 என்று படித்தால் முதல் நெடுவரிசையின் பெயர் மட்டும் கிடைக்காமல் போகும். கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் அந்தப் பெயரோடு ஒட்டியிருப்பதே காரணம். படிக்கும் பக்கத்திலும் "சிக்" போட்டுவிட்டால், பிஓஎம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது சமாளிக்கும்.

கேள்விக்குறி மட்டும் வரிசையாக இருந்தால் கை வைப்பதை நிறுத்துங்கள். எழுதும்போதே எழுத்து தொலைந்துவிட்டது, எந்த மாற்றியும் அதை மீட்காது. பழைய காப்பு இருக்கிறதா என்று பாருங்கள். யூனிகோடுக்கு முந்தைய குறிமுறையில் தட்டச்சு செய்த கோயில் உறுப்பினர் பட்டியல் போன்றவை வேறு கதை. அவற்றுக்கு மாற்றிகள் உண்டு. எந்தக் குறிமுறை என்றே பிடிபடவில்லையென்றால், தமிழ் எழுத்துருத் தொழிலில் இருந்த ஒருவரிடம் கோப்பைக் காட்டுவது சிக்கனமான வழி.

## அறிகுறி 6: பிறந்த தேதி ஒரு நாள் குறைகிறது

விண்டோஸில் பதிந்த உறுப்பினர் பட்டியலைப் புதிய லினக்ஸ் சர்வருக்கு மாற்றியதும், சிலருக்கு மட்டும் பிறந்த தேதி ஒரு நாள் குறைகிறது. இளைஞர்களுக்குச் சரியாக இருக்கிறது, நாற்பதைத் தாண்டியவர்களுக்குத்தான் தவறு. இதைத் தற்செயல் என்று நினைக்க வேண்டாம்.

தீபகற்ப மலேசியாவின் நேரம், உலகப் பொது நேரமான யூடிசியைவிட 1981 இறுதிவரை ஏழரை மணி கூடுதல். 1982 ஜனவரி 1 அன்றுதான் அரை மணி முன்னே தள்ளி எட்டு மணி ஆக்கினார்கள். லினக்ஸின் நேர மண்டலத் தரவில் இந்த வரலாறு இருக்கிறது. விண்டோஸின் மண்டலப் பதிவில் கோலாலம்பூருக்கு எல்லா ஆண்டும் எட்டு மணிதான். விண்டோஸில் ஓடும் டாட்நெட் நிரல் 1979 மே 3 நள்ளிரவை எட்டு மணி கழித்து யூடிசியாகச் சேமிக்கும். லினக்ஸ் அதை எடுத்து ஏழரை மணி கூட்டும். மே 2, இரவு 11.30.

சோதனை நம் கையிலேயே இருக்கிறது: ஐசி (அடையாள அட்டை) எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். 1982க்கு முன் பிறந்தவர்களில் எத்தனை பேருக்கு ஐசியோடு ஒரு நாள் இடிக்கிறது என்று ஒரு கேள்வி ஓட்டுங்கள். தீர்வு, பிறந்த தேதியை நேரமில்லாத தேதியாக மட்டும் சேமிப்பது. நேரம் என்ற ஒன்றே அங்கே வேண்டாம். ஏற்கெனவே கெட்டதை, காப்பெடுத்த பிறகு ஐசியைக் கொண்டு திருத்தலாம். தவறான தேதியோடு சேமநிதிக்கோ காப்புறுதிக்கோ படிவம் போயிருந்தால் அது நிரலர் வேலை இல்லை, கணக்காளரிடம் சொல்லிவிடுங்கள்.

பைதானில் "ஜோன்இன்ஃபோ" விண்டோஸில் மட்டும் மண்டலம் கிடைக்கவில்லை என்று விழுந்தால், "டிஇசட்டேட்டா" தொகுப்பை நிறுவுங்கள். அவ்வளவுதான்.

## அறிகுறி 7: நெட் இருக்கிறது, பழைய கணினி மட்டும் சர்வரோடு இணையவில்லை

2024 ஆகஸ்டில் இ-இன்வாய்ஸ் தொடங்கியதிலிருந்து வருமான வரி வாரியத்தின் தளத்தோடு பேச வேண்டிய கடை நிரல்கள் பெருகிவிட்டன. பழைய கல்லாக் கணினிகள் மாட்டுவது இங்கேதான்.

முதலில் கணினியின் கடிகாரம். ஆண்டு 2009 என்று காட்டினால் சான்றிதழ் எப்படிச் செல்லும்? மதர்போர்டில் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும், சில ரிங்கிட்டில் முடியும்.

கடிகாரம் சரி என்றால் டிஎல்எஸ் 1.2, அதாவது இணைப்பை மறையாக்கும் நெறிமுறை. விண்டோஸ் 7இல் அது உண்டு, ஆனால் பல நிரல்களுக்குத் தானாகக் கிடைக்காது. கேபி3140245 அப்டேட்டும் ரெஜிஸ்ட்ரி மாற்றமும் வேண்டும். டாட்நெட் 4.5இல் எழுதிய நிரலென்றால் கோடிலேயே சொல்ல வேண்டும், அல்லது 4.7க்கு மாறிக் கட்ட வேண்டும். எக்ஸ்பி என்றால் இந்த வரியோடு நிறுத்திக்கொண்டு வேறு கணினி பாருங்கள்.

அதுவும் சரி என்றால் மூலச் சான்றிதழ். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் நம்பியிருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 வைத்திருந்த சர்வர்கள் திணறின. சான்றிதழ்த் தொகுப்பைப் புதுப்பித்துப் பாருங்கள். சரிபார்ப்பையே அணைத்துவிடச் சொல்லும் ஆலோசனை எங்கும் கிடைக்கும். பணம், ஐசி, வரி எண் போகும் வழியில் அதைச் செய்யவே கூடாது.

## அறிகுறி 8: புதிய பதிப்பு வந்ததும் "உங்கள் இயங்குதளம் பழையது" என்கிறது

உங்கள் கோடே எங்கோ பதிப்பு எண்ணை ஒப்பிடுகிறது. எண்ணை எழுத்துச் சரமாக ஒப்பிட்டால் 3.10 என்பது 3.9க்குச் சிறியதாகிவிடும். சரியாக ஒப்பிட்டாலும் இயங்குதளம் உண்மை சொல்லும் என்று உறுதி இல்லை. எந்த விண்டோஸுக்கானது என்று அறிவிக்கும் மேனிஃபெஸ்ட் இல்லாத நிரலுக்கு விண்டோஸ் 8.1 முதல் எல்லாமே 6.2 என்றுதான் பதில். விண்டோஸ் 11 தன்னை 10.0 என்றே சொல்லும். 22000 அல்லது அதற்கு மேலான பில்ட் எண்ணால்தான் பிரித்தறிய முடியும். பழைய எஸ்டிகேயில் கட்டிய நிரலுக்கு மேக்ஓஎஸ் 11 தன்னை 10.16 என்று அறிமுகப்படுத்தும். எண்ணைக் கேட்காதீர்கள், வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

## அறிகுறி 9: எல்லாம் ஓடுகிறது, பிரிண்டரோ தராசோ மட்டும் இல்லை

கேபிள், போர்ட் எண், வேறு பயனர் கணக்கு என்று பார்த்துவிட்டு டிரைவருக்கு வாருங்கள். 64 பிட் விண்டோஸ் 32 பிட் டிரைவரை ஏற்றாது, விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. கருவியோடு வந்த டிஎல்எல் மட்டும் 32 பிட், டிரைவர் 64 பிட்டில் இருக்கிறது என்றால் தப்பித்தீர்கள்: உங்கள் நிரலை 32 பிட்டாகக் கட்டுங்கள். ரசீது பிரிண்டரில் தமிழ் மட்டும் வரவில்லையென்றால் வரியைப் படமாக வரைந்து அனுப்புங்கள். அதற்குள் தமிழ் எழுத்துருவைத் தேடுவது வீண்.

64 பிட் டிரைவரே இல்லையென்றால் உங்கள் வேலை அங்கே முடிகிறது. விற்பனையாளரைக் கூப்பிடுங்கள். பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இருப்பது போன்ற, அளவீட்டு இயந்திரத்தோடு பூட்டிய பழைய விண்டோஸ் என்றால் அப்டேட்கூடப் போடாமல் முதலிலேயே கூப்பிடுங்கள். ஒரு அப்டேட்டால் அளவுத்திருத்தச் சான்று செல்லாமல் போகலாம். வருகிறவரிடம் பிழைப்பெட்டியின் படம், இரண்டு கணினிகளின் பதிப்பு, டிரைவர் கோப்பின் பெயரும் தேதியும், இதுவரை மாற்றியவற்றின் பட்டியல் நான்கையும் கொடுங்கள். இல்லையென்றால் அவரும் கேபிளிலிருந்தே தொடங்குவார், மணிக்கணக்கில் பணமும் வாங்குவார்.